தும்புத்தடி அலுமாரியில் ஒரு பேரரசர்

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஓர் அரசன்மீது நாகபூசணிக்குப் பொறாமை பிறந்தது. மனிதர்மீது பொறாமை கொள்வது அவளுக்குப் புதிதன்று. பலெர்மோ நகரின் பல்லாரோச் சந்தையில் தனக்கு முன் கைநீட்டி நல்ல கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டு போனவள்மீதும், சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகைக்கு மலையேறும்போது மூச்சு வாங்காமல் முந்தி நடந்தவள்மீதும் அவள் மனம் புழுங்கியதுண்டு. அந்தப் புழுக்கமெல்லாம் வீடு வந்து முகம் கழுவியதோடு போய்விடும். இந்த அரசன் அப்படிப் போகவில்லை. அவள் வேலை செய்யும் வீட்டின் குசினிச் சுவரில், தொங்கு மீசையும் வெள்ளைத் தொப்பியுமாக, ஒரு தட்டுப் பாலின் பின்னே அமர்ந்துகொண்டான்.

நாகபூசணிக்கு ஐம்பத்து நான்கு வயது. இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தது முதல் வீட்டு வேலைதான். அல்பெர்கேரியாப் பகுதியின் ஒடுங்கிய சந்தொன்றில் கணவன் ஜெயரட்ணத்தோடு குடியிருந்தாள். காலையில் அங்கிருந்து நடந்தே மரங்கள் அடர்ந்த பெருந்தெருவுக்குப் போய், உறுதிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசுவின் விதவையான சிஞ்ஞோரா இஞ்ஞாசியாவின் வீட்டில் சமைத்து, துடைத்து, துணி மடித்து, மாலையில் திரும்புவாள். அந்த வீட்டில் அவளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். அவளுடைய பெயர் நாவில் புரளவில்லை என்று சிஞ்ஞோரா முதல் நாளே அதை 'நாதியா' என்று சுருக்கிக்கொண்டார். நாகபூசணியும் அதற்கு ஓம் போட்டுவிட்டாள்.

அந்தக் குசினியில் வாசலுக்கு நேர் எதிரே சுவரோடு சுவராக ஓர் அலுமாரி நின்றது. அதற்குள் தரை கூட்டும் தும்புத்தடி, வாளி, தரை துடைக்கும் துணி எல்லாம் இருக்கும். கதவின் உட்பக்கத்தில், கண்ணுயரத்தில், ஐந்தலை நாகம் குடைபிடிக்கும் அம்மனின் சிறிய படமொன்றை நாகபூசணி ஒட்டியிருந்தாள். காலையில் வேலை தொடங்குமுன் அந்தக் கதவைத் திறப்பாள். கருவறையின் திரை விலகியதுபோல் ஒரு கணம் நிற்பாள். உதடு அசையாமல் ஒரு பதிகம் சொல்லி முடித்துத் தும்புத்தடியைக் கையில் எடுப்பாள். விளக்கு இல்லை, பூ இல்லை. இந்நகரில் முதன்முதலாக வேலை பார்த்த வீட்டில், அவளது நெற்றித் திருநீற்றைக் கண்ட எசமானி ஈரத்துணியை நீட்டி "துடை" என்றிருந்தாள். அன்றிலிருந்து அவள் தன் தெய்வத்தை வேலை வீடுகளில் மறைத்தே வாழ்ந்தாள்.

ஆயினும் ஆசை மறையவில்லை. அடுப்புக்கு வலப்புறம், சாப்பாட்டு மேசைக்கு எதிரே, குசினிச் சுவரில் ஒரு வெற்றிடம் இருந்தது. அந்த இடத்தில் அம்மன் இருந்தால் எப்படியிருக்கும் என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் நினைப்பாள். சிஞ்ஞோரா ஒரு நாள், ஒரே ஒரு நாள், "நாதியா, நீ கும்பிடுறது ஆரை?" என்று கேட்டால் போதும், அந்தச் சுவரைக் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தாள். சிஞ்ஞோரா கேட்கவேயில்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் சிஞ்ஞோரா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இரவும் பகலும் கூடவே தங்க ஓர் ஆள் வேண்டியதாயிற்று. வந்தவள் சொலொங்கோ, மொங்கோலிய நாட்டுக்காரி, நாற்பது வயது இருக்கும், அகன்ற கன்னம், சிரித்தால் கண்கள் கோடாகிவிடும். வந்த மூன்றாம் நாள் பெட்டியிலிருந்து சட்டமிட்ட படமொன்றை எடுத்து, "சிஞ்ஞோரா, எங்கட செங்கிஸ்கானை உந்தச் சுவரிலை கொழுவட்டோ?" என்று கேட்டாள். "ஓ, தாராளமா," என்றார் சிஞ்ஞோரா. அந்த வெற்றிடத்தில் ஆணி அடிபட்ட ஓசை நாகபூசணியின் நெஞ்சில் கேட்டது. (அந்த வீட்டில் மூவரும் பேசிக்கொண்டது இத்தாலிய மொழியில். நாகபூசணியின் காதுக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகவே இறங்கியது. இங்கும் அப்படியே எழுதப்படுகிறது.)

காலைதோறும் சொலொங்கோ பாலூற்றிய தேநீர் காய்ச்சினாள். முதல் அகப்பையை யாரும் வாயில் வைக்குமுன் பல்கணிக்குப் போய், வானத்தை நோக்கி விரல்களால் தெளித்தாள். பிறகு ஒரு சிறு தட்டில் பால் வார்த்து அரசன்முன் வைத்தாள். சிஞ்ஞோரா சக்கர நாற்காலியிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்து, "அது ஏன், இது ஏன்" என்று துருவித் துருவிக் கேட்டார்.

"பால் தெளிக்கிற முறையை எங்களுக்குச் சொல்லித் தந்ததே அவர்தான் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம்," என்றாள் சொலொங்கோ. "கலியாணச் சடங்கும் அவர் வகுத்ததுதான். நீல வானம் பெத்த பிள்ளை அவர். பிறக்கேக்கை உள்ளங்கையிலை ரத்தக்கட்டி ஒண்டைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு பிறந்தவர்."

"செத்தது எப்பிடி?"

"உடம்புதான் செத்தது. உயிர் கொடியிலை நிக்குது. குதிரை மயிர் கட்டின கொடி. அவருக்கும் அவரின்ர அரசிமாருக்கும் வெள்ளைக் கூடாரம் போட்டு, தலைமுறை தலைமுறையா விளக்கு அணையாமல் காக்கிற குடும்பங்கள் இருக்கு. புத்தசாமிமாரும் அவரை ஒரு காவல் தெய்வத்தின்ர அவதாரமெண்டு ஏற்றுக்கொண்டிட்டினம். எங்களுக்கு ஒரு இடைஞ்சல் வந்தால் திரும்பி வருவார்."

சிஞ்ஞோரா கைகளைத் தட்டினார். "எங்கட பேரரசர் ஃபெடெரிக்கோ மாதிரியே! அவரும் சாகேல்லை, எட்னா மலைக்குள்ளை நித்திரை கொள்ளுறார் எண்டு என்ர தாய் சொல்லுறவ. நாதியா, கேட்டியே?"

நாகபூசணி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உருளைக்கிழங்கின் தோலோடு சதையும் போய்க்கொண்டிருந்தது.

நேர்மையாகச் சொன்னால், இறந்த வீரனைத் தெய்வமாக்குவது தமிழர் அறியாத வழக்கமன்று. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, பெயர் பொறித்து, மயிற்பீலி சூட்டி, கள் படைத்துத் தொழுத குடி நம்முடையது. நாகபூசணியின் தகப்பன் வழியாருக்கே அண்ணமார் கோயில் உண்டு. அண்ணமாரும் ஒரு காலத்தில் மண்ணில் நடந்தவர்கள் என்றே அவள் கேட்டிருக்கிறாள். எனவே அரசனுக்குப் பால் வைப்பது அவளுக்கு விளங்காத காரியமில்லை. விளங்கியதனாலேதான் எரிந்தது.

அன்று மாலை வீட்டில், சோற்றுக் கோப்பையை ஜெயரட்ணத்தின் முன் சற்றே ஓசையுடன் வைத்தாள்.

"ஊரெல்லாம் நெருப்பு வைச்சுக் கொழுத்தினவனாம். அவனுக்கு விடியப்புறம் பால்."

"உன்ர பாலே?"

"சிஞ்ஞோராவின்ர பால்."

"அப்ப எரிய வேண்டியது சிஞ்ஞோராவெல்லோ. நீ ஏனப்பா எரியிறாய்?"

"நான் எரியேல்லை."

"குழம்பு எரியுது, அதுதான் கேட்டனான்." அவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "இஞ்சை பார். அவள் கேட்டவள், சுவர் கிடைச்சுது. நீ கேக்கேல்லை, அம்மாள் தும்புத்தடியோடை நிக்கிறா. இதிலை அந்தச் செங்கிஸ்கான் செய்த பிழை என்ன?"

"நீங்களும் அவன்ர பக்கமே?"

"குதிரைக்காரனோடை எனக்கென்ன சண்டை? ரசம் இருக்கோ?"

ரசம் இருந்தது. அவள் தரவில்லை.

டிசம்பர் பதின்மூன்று வந்தது. பலெர்மோவில் அது சாந்தா லூசியாவின் நாள். ரொட்டியையும் பாஸ்தாவையும் விலக்கி, அரிசிச் சோற்றை உருட்டிப் பொரித்த அரஞ்சினே உண்பார்கள். பேரரசர் ஃபெடெரிக்கோ இறந்ததும் அதே நாளில்தான். சிஞ்ஞோரா ஆண்டுதோறும் பேராலயத்துக்குப் போய், அவருடைய செந்நிறக் கல்லறைமுன் சிவப்புக் கார்னேசன் பூக்களை வைப்பார். பூவை வாங்கிச் சுமந்துபோவது பன்னிரண்டு ஆண்டுகளாக நாகபூசணியின் வேலை. அவள் அதை வேலையாகச் செய்ததில்லை. காம்பு ஒடியாத பூவாகத் தேர்ந்து, நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடித்து, மூச்சுக்கூடப் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாள். படைக்கும் பூவை முகரக்கூடாது. கல்லறைக்குள் இருப்பவர் எந்த மதத்தவராயினும் அது பூசைக்குப் போகும் பூ.

அதற்கு முதல் நாள் மாலை சிஞ்ஞோரா சொன்னார்: "நாளைக்கு சொலொங்கோ என்னைத் தள்ளிக்கொண்டு போகட்டும். அவளுக்கும் எங்கட இம்பெராத்தோரே ஃபெடெரிக்கோவைப் பார்க்க ஆசை. நீ நிண்டு அரஞ்சினே செய், நாதியா. உன்னைப்போல ஆருக்கும் கைவராது."

இப்படி ஒரு பாராட்டைவிடக் கன்னத்தில் ஓர் அறை மேல். நாகபூசணி மறுநாள் எண்ணெய்ச் சட்டியின் முன் நின்று, கொதிக்கும் எண்ணெயில் உருண்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். வலப்புறச் சுவரிலிருந்து செங்கிஸ்கான் அவளையே பார்த்தான். 'நான் இருக்கிற இடத்தைப் பார், நீ நிக்கிற இடத்தைப் பார்' என்று கேட்பதுபோல் இருந்தது.

நண்பகலில் இருவரும் கன்னம் சிவக்கத் திரும்பி வந்தார்கள். சிஞ்ஞோராவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒரு சின்னப் போத்தலிலை பால் கொண்டுவந்திருக்கிறாள், கள்ளி! கல்லறைக்கு முன்னாலை மூண்டு துளி தெளிச்சாள். கோயில்காரன் முழுசிப் பார்த்தான். நான் சொன்னன், பேசாதை, இது ஒரு அரசன் இன்னொரு அரசனுக்கு அனுப்பின சேதி எண்டு!"

"பூ நல்ல வாசம், அக்கா," என்றாள் சொலொங்கோ. தன்னைவிட மூத்தவளை அக்கா என்பது அவளது மொழியிலும் வழக்கம். "வழி முழுக்க மணந்துகொண்டு போனனான். கராம்பு வாசம்."

முகர்ந்த பூ! நாகபூசணி திடுக்கிட்டாள். அடுத்த கணம் ஒரு கசப்பான மகிழ்ச்சியும் எழுந்தது. சிஞ்ஞோராவிடம் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவரோ, "வாசமில்லாமல் பூ எதுக்கு?" என்று சொலொங்கோவின் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

உண்ட களைப்பில் இருவரும் உறங்கிய வேளையில் நாகபூசணி கதிரையின்மேல் ஏறினாள். ஆணியிலிருந்து அரசனைக் கழற்றினாள். தும்புத்தடி அலுமாரியைத் திறந்து, கீழ்த்தட்டில், வாளிக்கும் ஈரத்துணிக்கும் நடுவே அவனைச் சாத்தி வைத்தாள். 'கிட அதுக்குள்ளை. நான் கிடந்தனான்தானே,' என்றாள். நான் என்றது தன்னையா அம்மனையா என்று அவளுக்கே தெரியவில்லை. மாலையில் சொலொங்கோ வெறுஞ்சுவரைக் கண்டு கேட்டபோது, "பொரிக்கிற எண்ணெய்ப் புகை படுமெண்டு அலுமாரிக்குள்ளை வைச்சனான்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் காலை ஒரு சண்டைக்கு ஆயத்தமாகவே வந்தாள். குசினிக்குள் காலடி வைத்ததும் சொலொங்கோ ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"அக்கா, நீ எப்பிடி அறிஞ்சாய்?"

"என்னத்தை?"

"வடக்கை! வாசலுக்கு நேர் எதிர், வடக்குச் சுவர். எங்கட கூடாரத்திலை அதுதான் பெரியவையின்ர இடம். தெய்வமும் அங்கைதான். வந்த நாள் தொடக்கம் எனக்கு மனக்குறை, ராசாவைப் பக்கச் சுவரிலை வைச்சிட்டனே எண்டு. அலுமாரி நீ புழங்கிற இடம், அதைக் கேக்க எனக்கு வெக்கமாக் கிடந்தது. நீயே பார்த்து வைச்சிருக்கிறாய். துணைக்கு அரசியையும் தந்திருக்கிறாய்!"

நாகபூசணி அலுமாரியைப் பார்த்தாள். அதன் கதவுகள் விரியத் திறந்து கிடந்தன. தும்புத்தடியும் வாளியும் பல்கணிக்குப் போய்விட்டிருந்தன. தட்டுகள் துடைத்துப் பளபளத்தன. அம்மனின் படம் கதவிலிருந்து பக்குவமாகப் பெயர்க்கப்பட்டு, சிறு சட்டமொன்றுக்குள் நடுத்தட்டில் நின்றது. அருகே, அதே உயரத்தில், செங்கிஸ்கான். இருவர் தோளையும் சுற்றி ஒரு நீலப் பட்டுத் துணி. முன்னே இரண்டு தட்டுப் பால்.

என்ன சொல்வது? அது அரசி அல்ல என்று சொன்னால், பிறகு ஏன் அரசனை அங்கே வைத்தாய் என்ற கேள்வி வரும். நாகபூசணி பையைக் கதிரையில் வைத்தாள். "நல்லது," என்றாள்.

அதன்பின் வந்த நாட்கள் அவளுக்கு முள்ளின்மேல் கழிந்தன. பன்னிரண்டு ஆண்டுகளில் தான் செய்யத் துணியாததை ஒரே காலையில் ஒருத்தி செய்து முடித்துவிட்டாள். தான் திறந்து மூடிய இருட்டு அலுமாரி கோயிலாகிவிட்டது. அதில் பூசை செய்பவள் வேறொருத்தி. காலையில் இவள் வந்துசேருமுன் பால் வைத்தாயிற்று. அம்மன் அந்தப் பாலின் பின்னே மலர்ந்த முகத்தோடு இருந்தாள். 'ஆர் தந்தாலும் குடிப்பியோ அம்மாளாச்சி?' என்று ஒரு நாள் உள்ளுக்குள் கேட்டேவிட்டாள். அரசன்மேல் இருந்த பொறாமை சொலொங்கோமேல் தாவி, இப்போது அம்மன்மேலும் வந்து நின்றது.

ஜனவரித் தொடக்கத்தில், குழந்தை யேசுவைக் காண வந்த மூன்று இராசாக்களின் திருநாள் கழிந்த மறுநாள், சிஞ்ஞோரா தம்மைக் குசினி மேசைக்கே தள்ளிக்கொண்டுவரச் சொன்னார். சொலொங்கோ அடுப்பில் சூப்பைக் கிளறினாள். நாகபூசணி கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிஞ்ஞோரா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அலுமாரிக்குள் உற்றுப் பார்த்தார். பிறகு மரியாதையாகச் சிலுவை வரைந்துகொண்டார்.

"இவதான் மகாராணியே? சொலொங்கோ சொன்னவள். வடிவான மனுசி. கான் குடுத்துவைச்சவன், இப்பிடி ஒரு பெண்சாதி கிடைக்க."

கையிலிருந்த கரண்டிகள் அத்தனையும் தரையில் கொட்டின.

"பெண்சாதியில்லை!" என்று நாகபூசணி கத்தினாள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "அவனுக்கும் இவவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! இவவுக்குப் புருசன் இருக்கிறார். வேறை ஆள்!"

"வேறை ஆளோ?" சொலொங்கோ அகப்பையோடு திரும்பினாள். "அப்ப ஏன் எங்கட ராசாவைக் கொண்டுபோய் இவவுக்குப் பக்கத்திலை வைச்சனீ?"

நாகபூசணி குனிந்து கரண்டிகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"வடக்கு எண்டு தெரிஞ்சு வைச்சனீயோ, இல்லையோ?"

ஒரு கரண்டி மேசையடியில் உருண்டு போயிருந்தது. அதை எடுக்க அவளுக்கு நெடுநேரம் பிடித்தது. சொலொங்கோவின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. அவள் அடுப்பை நோக்கித் திரும்பிக்கொண்டாள்.

சிஞ்ஞோரா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். நொத்தாரிசுவோடு ஐம்பது ஆண்டு வாழ்ந்தவருக்கு வழக்கு விளங்க நேரமாகவில்லை.

"நாதியா, இந்த அம்மா உன்ரையோ?"

"ஓம், சிஞ்ஞோரா."

"எப்ப இஞ்சை வந்தவ?"

"நான் வந்த நாள்."

"பன்னிரண்டு வருசமா? என்ர வீட்டிலை? தும்புத்தடியோடையோ?"

"ஓம்."

சிஞ்ஞோரா நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கி அடித்தார். "என்ர வீட்டுக்கு வந்த ஒரு சீமாட்டியை வாளிக்குப் பக்கத்திலை நிப்பாட்டி வைச்சிருக்கிறாய்! ஊர் கேட்டால் ஆருக்கு வெக்கக்கேடு? உனக்கோ? எனக்கெல்லோ!"

"நீங்கள் கேக்கேல்லை, சிஞ்ஞோரா."

அது பன்னிரண்டு ஆண்டுகள் தொண்டைக்குள் கிடந்த சொல். வெளியே வந்தபோது சிறியதாக இருந்தது. சிஞ்ஞோரா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஆணி சுவரிலை கிடக்குது," என்றார் பிறகு. "கொழுவு. கொழுவிப்போட்டு வந்து இஞ்சை இரு. இவ ஆர் எண்டு சொல்லு. முதல் இவவின்ர பேர் என்ன?"

"நாகபூசணி."

"அது உன்ர பேரெல்லோ?"

"அவவின்ர பேர். எனக்கு வைச்சவை."

சிஞ்ஞோரா உதடுகளைக் குவித்து, எழுத்தெழுத்தாக, இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை சரியாகச் சொன்னார். நாகபூசணி கதிரையில் ஏறி, பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்திருந்த வெற்றிடத்தில் அம்மனை அமர்த்தினாள். அவசரத்தில் படம் சிறிது சாய்ந்தே நின்றது. கீழே இறங்கி, அவ்வீட்டில் முதன்முறையாகச் சிஞ்ஞோராவுக்கு எதிரே மேசையருகே அமர்ந்தாள்.

கதை தொடங்கிற்று. கடல் நடுவே ஒரு தீவு, அதில் அம்மன். ஒரு நாகம் தினந்தோறும் வாயில் பூவைக் கவ்வி, அலைகளின்மேல் நீந்தி வந்து அவளைப் பூசித்தது. வழியில் ஒரு கழுகு பாய்ந்தது. நாகம் கடலிலிருந்த பாறையைச் சுற்றிக்கொண்டது. அப்போது அவ்வழியே ஒரு வணிகன் கப்பலில் வந்தான்.

"பூ? பூவை விட்டுட்டுதோ?" என்று கேட்டார் சிஞ்ஞோரா.

"விடேல்லை. உயிர் போனாலும் பூவை விடாது."

"சூப் ஆறுது, சிஞ்ஞோரா," என்றாள் சொலொங்கோ.

"ஆறட்டும். கழுகு என்ன சொன்னது?"

"இந்தப் பாம்பை விடோணுமெண்டால் உன்ர செல்வம் முழுவதையும் அம்மாளுக்குக் குடு எண்டு அவனைக் கேட்டுது."

"எங்கட கானும் ஒருக்கால் ஒரு கழுகை..." என்று தொடங்கினாள் சொலொங்கோ.

"பொறு பிள்ளை. இவ முடிக்கட்டும்."

நாகபூசணி நிமிர்ந்து பார்த்தாள். சொலொங்கோ அடுப்பருகே அகப்பையை இறுகப் பிடித்து நின்றாள். உதடுகள் ஒட்டியிருந்தன, பார்வை சுவரில் சாய்ந்து தொங்கும் படத்துக்கும் சிஞ்ஞோராவின் முகத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை நாகபூசணிக்கு நன்றாகத் தெரியும். அதன் சூடும், அதன் எடையும், இரவு உறக்கத்தை அது எப்படித் தின்னும் என்பதும் தெரியும். 'இவளையும் இருக்கச் சொல்லு' என்று மனம் ஒரு கணம் சொன்னது. பக்கத்தில் கதிரையும் காலியாகத்தான் இருந்தது.

சிஞ்ஞோரா முன்னே குனிந்து அவள் மணிக்கட்டைப் பற்றினார். "சொல்லு, நாகபூசணி. அவனிட்டைக் கனக்கக் கப்பல் இருந்ததோ?"

தீவிலே சொல்லும் கதையில் அந்த வணிகனுக்கு ஒரே ஒரு கப்பல்தான்.

"ஏழு," என்றாள் நாகபூசணி. முதல் கப்பலில் முத்தை ஏற்றினாள், இரண்டாவதில் கர்ப்பூரம், மூன்றாவதில் பட்டு. ஒவ்வொன்றையும் அவசரமில்லாமல், பாய்மரம் வரை வருணித்துத் தீவின் கரையில் சேர்த்தாள். அடுப்பருகே அகப்பை சட்டியின் விளிம்பில் சத்தமாகத் தட்டப்பட்டது. ஏழாவது கப்பலும் சரக்கை இறக்கிவிட்டபோது, சிஞ்ஞோராவின் கண்கள் இன்னும் விரிந்தே இருப்பதைக் கண்டு, எட்டாவதைக் கடலில் விட்டாள்.